மாதா ஏறாத படி

9 ஜூன் 1997

காலர் தைத்த லாட்டில் பாதிக்கு மேல் கோணல். தப்பு இருக்கிற இடத்தைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் பசை. "ரெஜினா மேடம் கண்ணுக்கு எந்தத் தையலும் தப்பாதுப்பா" என்று சூப்பர்வைசர் கேலி பண்ணினான். பண்ணட்டும். செக்கிங்கில் நிற்கிறவள் கண்ணை மூடிக்கொண்டால் வெளிநாட்டுக்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான்.

இதை எழுதவா உட்கார்ந்தேன்? இல்லை. அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

ஃபாதர் ஓஸ்வால்ட் போய்விட்டார். எங்கள் பங்குக் கோயிலின் சின்ன ஃபாதர். பாட்டுக் குழு நோராவோடு! ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்களாம். கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை பெர்னார்ட் பஸ் ஸ்டாப்பில் சொன்னான். அவனை அடிக்கவே போனேன். "அக்கா, சத்தியமா சொல்றேன். ரூமு காலி. அலமாரி சாவி பெரிய ஃபாதர் மேசை மேல இருக்குது."

சாகக் கிடந்த எங்கம்மாவுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்த கை. அம்மா கண்ணை மூடினபோது என்னைவிட அதிகம் அழுத மனுஷன். அதெல்லாம் பொய்யா?

இவரிடம் சொன்னேன். ஆட்டோ சீட்டைத் துடைத்துக்கொண்டே, "ம்... அந்தாளு ரொம்ப நாளா தூங்கல. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். கலியாணத்துக்காக வேதத்தில் சேர்ந்த மனுஷன். அதற்கு முன்தினம் குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பண்ணின பாவசங்கீர்த்தனம்தான் முதலும் கடைசியும். இவருக்கு எங்கே உறைக்கப் போகிறது.

10 ஜூன்

தூக்கமே இல்லை. ஈஸ்டருக்கு அந்த நோரா பாடின அல்லேலூயா காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பாம்பு.

14 செப்டம்பர்

திரும்பி வந்திருக்கிறார்கள். எங்கே? ஜோகுபாளையத்துக்கே, எங்கள் தெருவுக்கே! நம் ஆட்கள் யாரும் வீடு கொடுக்கவில்லை. எல்லம்மா தன் மாடி போர்ஷனைக் கொடுத்திருக்கிறாள். இந்துப் பெண்பிள்ளை, வியாழக்கிழமையானால் விவேக் நகருக்கு பஸ் ஏறிக் குழந்தை யேசுவுக்கு மெழுகுவத்தி ஏற்றி வருவாள். அவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்.

குழாயடியில் அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். பேண்ட் சட்டை, தோளில் கூரியர் கம்பெனிப் பை. என் வாய் இருக்கிறதே, "ஸ்தோத்திரம் ஃபாதர்" என்றுவிட்டது! பழக்கதோஷம். அவர் கையும் ஆசீர்வதிக்க மேலே வந்து பாதியில் நின்றது. அப்படியே பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.

28 செப்டம்பர்

பூசைக்கு வேறு வருகிறார்கள். கடைசி பெஞ்சு. நற்கருணை வாங்க எழுந்திருப்பதில்லை. அந்த மட்டும் பயம் இருக்கிறது.

சாயங்காலம் எங்கள் தெருக்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டம். அக்டோபரில் மாதா சுரூபம் எங்கள் தெருக்களில் வீடு வீடாகப் போகும். ஒரு நாள் ஒரு வீடு. மறுநாள் அந்த வீட்டார் பாட்டோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டார் கையில் கொடுக்க வேண்டும். வரிசை போடுவது வழக்கம்போல நான். தெரஸ் டீச்சர், "அந்த மாடி வீடு?" என்று இழுத்தாள்.

"மாதாவுக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

7 அக்டோபர்

ஜெபமாலை மாதா திருநாள். நேற்று எங்கள் வீட்டில் இருந்த மாதாவை இன்று தெரஸ் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வழியில் எல்லம்மா வீடு.

படிக்கட்டின் கீழே நோரா நின்றாள். முக்காடு போட்டு, ஒரு கையில் எரியும் மெழுகுவத்தி, ஒரு கையில் மல்லிகைச் சரம். மேல்படி வரைக்கும் கழுவிக் கோலம் போட்டிருந்தது. அவர் பின்னால் கை கட்டி நின்றார். தங்கள் வீட்டுக்கும் மாதா வருவார்கள் என்று நினைத்துவிட்டார்கள்! வர மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சுரூபம் என் கையில்தான் இருந்தது. நான் நிற்கவில்லை. பாட்டை இன்னும் உரக்கப் பாடினேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது மெழுகுவத்தி அணைந்திருந்தது.

செய்தது சரிதான். பின்னே ஏன் சோறு இறங்கவில்லை?

8 அக்டோபர்

எல்லம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள். "ஏன் ரெஜினா, உங்க மாதா என் வூட்டுப் படிய மட்டும் தாண்டிப் போறாங்க? என் வூடு என்ன தீட்டா?"

"உன்னால இல்ல எல்லம்மா. மேல குடியிருக்கிறதுங்களால."

"அந்தப் பொண்ணு முழுகாம இருக்குது. விடிகாலைலேருந்து குனிஞ்சு குனிஞ்சு படி கழுவிச்சு. கடைசில பூவ எங்கிட்ட குடுத்து, உங்க மாரியம்மாவுக்குப் போடுங்கன்னு சொல்லிச்சு. போ, போயி ஜெபம் பண்ணு போ."

மாதாவுக்குக் கட்டின பூ மாரியம்மனுக்கு! யாரால் என்று யோசிக்கப் போனால்... யோசிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன்.

22 நவம்பர்

இவர் தொண்டைக் கட்டுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேனே. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதுதானாம். பேர் எழுத மாட்டேன்.

இவர் சிரிக்கிறார். "பீடி குடுத்த பிரைஸ்" என்கிறார்.

5 பிப்ரவரி 1998

கரண்ட் வைத்ததெல்லாம் வீண். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. குரல் நூலாகிவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள்ல பேச்சு நின்னுடும்மா. பேச வேண்டியதை இப்பவே பேசிக்கோங்க" என்றாள்.

பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் இவர் போய்விடக் கூடாது. ஆண்டவரே, அதற்கு மட்டும் பேச்சை விட்டு வை.

12 பிப்ரவரி

பெரிய ஃபாதர் வந்தார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. ஃபாதர் போனதும் இவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"பண்றேன்" என்றார். "ஓஸ்வால்ட் வரட்டும்."

தலையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. "அது இப்ப ஃபாதரா? பொண்டாட்டிக்காரன்!"

"தெரியும். கீழ வுழுந்த ஆளுன்னா எனக்கு வாய் வரும். மத்தவங்க மேல நின்னு கேப்பாங்க."

"அப்படி என்னங்க இருக்குது? எங்கிட்ட சொல்லாதது என்ன இருக்குது?"

இவர் என் விரலைப் பிடித்து, பசை காய்ந்திருந்த நுனியைத் தடவினார். "உங்கிட்டயா? சொல்லிட்டு இந்த வூட்ல இருந்திருக்க முடியுமா, ரெஜி? நீ எம்மேலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுவேன்னு பயந்தே காலம் ஓடிப்போச்சு."

என்ன அது? பொம்பளையா? திருட்டா? யாருக்காவது கெடுதலா? கேட்கக் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டார். கலியாணமான நாளிலிருந்து ஒரே பாயில் படுக்கிறோம். உள்பக்கம் அறுந்த ஒற்றை நூலைக்கூட விடாத கண் எனக்கு. பக்கத்தில் படுத்தவர் என்னைப் பார்த்துப் பயந்ததைப் பார்க்கவில்லையே! ஐயோ, நான் என்ன பொம்பள?

13 பிப்ரவரி

பெரிய ஃபாதரிடம் போனேன். 'கூடாது' என்று அவர் சொல்லிவிட்டால் போதும், பொறுப்பு என் தலையை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். அவர் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கூப்பிடு" என்றார்.

"ஃபாதர்?"

"சாகக் கிடக்கிறவனுக்கு எந்தக் குருவும் பாவமன்னிப்பு கொடுக்கலாம். விட்டுட்டுப் போனவனும் கொடுக்கலாம். நான் பக்கத்துலயே இருந்தாலும் அவன் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருக்கு. என்னை ஏன் அப்படிப் பாக்கிற, நானா எழுதினேன்?"

திருச்சபை அந்தக் கதவைச் சாத்தவே இல்லையா? நாங்கள்தான் சாத்தினோமா? ஃபாதர் கை கழுவி வந்து, பாவசங்கீர்த்தனத்துக்குக் கழுத்தில் போடுகிற ஊதா ஸ்டோலை எடுத்துக் கொடுத்தார். "அவன்கிட்ட இருக்காது" என்றார். டிபன் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் பையிலேயே இருக்கிறது. போகக் கால் வரவில்லை.

14 பிப்ரவரி

காலையில் இவர் தண்ணீர் கேட்டபோது பாதி வார்த்தை வரவில்லை. அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. எல்லம்மா வீட்டு மாடி ஏறினேன். முட்டி நிஜமாகவே வலித்தது.

நோரா கதவைத் திறந்தாள். வயிறு பெரிதாகிவிட்டது. என் முகத்தில் அறைந்து சாத்துவாள் என்று நின்றேன். "வாங்கக்கா" என்றாள். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். அவர் பைக்குள் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வெளுத்துப் போனார்.

"எனக்குத் தகுதி இல்லக்கா."

'அது எனக்குத் தெரியாதா' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சனியன் பிடித்த நாக்கு! விழுங்கினேன். "அவருக்குப் பேச்சு போயிடும். வாங்க" என்று கும்பிட்டேன். ஸ்டோலை எடுத்து நீட்டினேன். வாங்கினார். பழக்கத்தில் அதை முத்தமிடக் குனிந்தவர் அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நோரா அவர் முதுகில் கை வைத்தாள். பார்க்கக் கூடாததைப் பார்த்தவள் மாதிரி நான் சுவரைப் பார்த்தேன்.

அவரும் இவரும் உள்ளே இருக்க, எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் நானும் நோராவும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே முணுமுணுப்பு. நடுவில் ஒரு அழுகை. இவர் அழுது நான் கேட்டதே கிடையாது. எழுந்து கதவில் காதை வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அன்னிக்கு... உன் மெழுகுவத்தி காத்துல அணைஞ்சுதா?"

"இல்லக்கா. நான்தான் ஊதிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "மாதா வர்றப்ப ஏத்தலாம்னு பத்திரமா வச்சிருக்கேன்."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. ஸ்டோலை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். உள்ளே போனேன். இவர் முகத்தை இப்படி நான் பார்த்ததில்லை, வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி. "ரெஜி, பசிக்குது" என்றார்.

16 பிப்ரவரி

பேச்சு நின்றுவிட்டது.

21 பிப்ரவரி

இவர் போய்விட்டார். என் கையைப் பிடித்தபடி.

15 மார்ச்

தெரஸ் டீச்சர் துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், "இருந்தாலும் ரெஜினா, அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லுமா?" என்றாள். காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க என்றேன்.

குழாயடியில் அவரைப் பார்த்தேன். நான் என்ன கேட்கத் துடிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனார்.

அது என்னவென்று தெரியாமலேதான் நானும் போய்ச் சேர வேண்டும். தெரிந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேனா? ஒட்டியிருப்பேன். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

27 செப்டம்பர்

அன்பியக் கூட்டம். மாடி வீட்டையும் வரிசையில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வீடு தெரஸ் டீச்சருடையது. "அவ கையால நான் சுரூபம் வாங்க மாட்டேன். எங்க வீட்ல யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். போன வருஷத்து என் முகம்தான் எதிரே உட்கார்ந்திருந்தது. "சரி டீச்சர், நீங்க அப்புறமா எங்கிட்டேருந்து வாங்கிக்கோங்க. அவங்களுக்கு அடுத்த வீடு என் வீடு" என்றேன்.

7 அக்டோபர் 1998

லீவு போட்டேன். வாசல் கழுவிக் கோலம் போட்டேன். கலியாணத்துக்குப் பிறகு போட்டதில்லை, கோடு எல்லாம் கோணல். மெழுகுவத்தியும் மல்லிகைச் சரமுமாக நின்றேன். தெருவில் சத்தமே இல்லை. வருவார்களா? கூட வர ஆளில்லை என்று நோரா கூச்சப்பட்டு நின்றுவிட்டால்? கை வலித்தது. இப்படித்தானே அவளும் நின்றிருப்பாள். இதைத் தாண்டித்தானே நான் பாடிக்கொண்டு போனேன்.

பாட்டுச் சத்தம் கேட்டது. சின்னக் கூட்டம்தான். நோரா கையில் மாதா. பெர்னார்ட் மணி அடித்துக்கொண்டு வந்தான். எல்லம்மா கையில் போன வருஷத்து மெழுகுவத்தி, விரல் உயரம்தான் மிச்சம். என்னுடையதை அதில் பற்றவைத்து ஜன்னல் மாடத்தில் வைத்தேன். நோரா கையிலிருந்து மாதாவை வாங்கினேன்.

அவர் பின்னால் தயங்கி நின்றார்.

"ஸ்தோத்திரம் ஃபாதர்" என்றேன். இந்தத் தடவை வாய் தவறிச் சொல்லவில்லை.

அவரால் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையிலும் குழந்தை இருந்தது.