மீன்கொத்திக்குப் பின்னால் இருப்பவர்

மார்ச் 4

அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. அந்த ஊரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதாக நானே எடுத்துக்கொள்கிறேன். நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எனக்கு நூறு வயதாகிவிடும்.

நீ வாங்கிக் கொடுத்த கேமரா அலமாரியில் தூங்கும் என்றுதானே நினைத்தாய்? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் அது என் கழுத்தில்தான் தொங்குகிறது. படம் எடுக்கிறவர்கள் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டேன். ஞாயிறு விடிந்ததும் ஏரிக்கரை, இல்லாவிட்டால் பழைய கோட்டை. மேகமில்லாத இரவில் நட்சத்திரம் எடுக்கக் குன்றுக்குப் போகிறோம். அங்கே யாரும் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பறவை உட்காரும் முன்பே பட்டனை அமுக்கிவிடுகிறேனாம், எனக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போனில் அனுப்பினால் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன். ஒரு மீன்கொத்தி, ஒரு கோட்டைக் கல்வெட்டு, நம் தெருவில் பஞ்சர் ஒட்டுபவர். உள்ளதை உள்ளபடி சொல்.

முத்தங்களுடன்,
அம்மா

மார்ச் 19

என் அவசர அம்மாவுக்கு,

உள்ளதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பஞ்சர் ஒட்டுபவர் படம் அருமை. என் கிளினிக்கில் மாட்டிவிட்டேன். ஊசிக்குப் பயந்து வருகிறவர்கள்கூட அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறார்கள்.

மீன்கொத்திதான் ஏதோ நீலக்கறை மாதிரி இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றுகிற ஒருவர், மீசை முடி வரை தெளிவு. கல்வெட்டில் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் அதே மனிதரின் காது மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. யாரம்மா அவர்?

உன் சின்னு

ஏப்ரல் 2

அன்புச் சின்னு,

அது கேமராவின் கோளாறு. தானாக எதையாவது பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது, நான் என்ன செய்ய?

அவரை ‘முக்காலி’ என்போம். கேமராவை நிறுத்தும் முக்காலிகள் எல்லாவற்றையும் அவர்தான் தோளில் சுமந்து வருவார். மருந்துக்கடை வைத்திருக்கிறார். மனைவி காலமாகி வெகு காலமாகிறது. அதிகம் பேச மாட்டார், பேசினால் சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலிக்கும். போன வாரம் ஏரியோரம் ஒரு கல்லை ஆமை என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து போய்ப் படம் எடுத்தார். கல் என்று தெரிந்த பிறகும் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “இவ்வளவு பொறுமையான ஆமைய நான் பார்த்ததே இல்ல” என்கிறார். குன்றில் குளிரும் என்று எனக்கென்று ஒரு சால்வை கொண்டுவருகிறார். டீயில் எனக்குச் சர்க்கரை ஆகாது என்பதைக்கூட ஒருநாளும் மறந்ததில்லை.

இந்தத் தடவை அணில் மட்டும்தான். பின்னால் ஆள் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்.

அம்மா

ஏப்ரல் 17

அம்மா,

அணில் அழகு. ஆனால் கடிதத்தில் அணிலுக்கு ஒரு வரி, அவருக்கு ஒரு பக்கம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா?

சின்னு

மே 1

சின்னு,

பிடித்திருக்கிறது.

இதை எழுதுவதற்குள் எத்தனை தாளைக் கிழித்துப் போட்டேன் தெரியுமா? கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டுவிட்டார். என் மகளைக் கேட்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்றேன். “கேளுங்க, நான் எங்கயும் போயிடல” என்றார்.

உன் அப்பா போன பிறகு எனக்கு இப்படி யார்மீதும் தோன்றியதில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் அந்தக் குழுவுக்கே இனிப் போக மாட்டேன். உன்மேல் வருத்தம் இருக்காது என்று பொய் சொல்லவும் மாட்டேன், இருக்கும். ஆனாலும் எனக்கு நீதான் முதலில்.

உள்ளே வைத்திருப்பது அவர் என்னை எடுத்த படம்.

அம்மா

மே 20

மதிப்புக்குரிய ஐயா,

நான் ‘அவசரத்தின்’ மகள். படத்தின் பின்புறம் உங்கள் கடை முத்திரை இருந்தது, முகவரியை அதிலிருந்துதான் எடுத்தேன். கேட்டது அம்மா, பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

மறைக்க விரும்பவில்லை, முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா இருந்த இடத்தில் இன்னொருவரா என்று அழக்கூடச் செய்தேன். பிறகு உங்கள் படத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி அம்மா சிரிக்கிறாள். எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்க அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல்தான் நிற்பாள். நான் பல் டாக்டர். என் அம்மாவின் கடைவாய்ப் பல்லை நான் முதன்முதலாகப் பார்த்தது உங்கள் படத்தில்தான். அதில் ஒன்றை அடைக்க வேண்டும். இப்போதே சொல்லிப் பயமுறுத்திவிடாதீர்கள்.

அனுமதி கொடுக்க நான் யார்? அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அது எனக்குப் போதும். அடுத்த மாதம் நானும் என் கணவரும் வருகிறோம். உங்களை அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அம்மாவின் கணவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று நேரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்வோம்.

அன்புடன்,
சின்னு