சங்கிலி இல்லாத தம்ளர்

என் முதுகில் ஏறி வளர்ந்த தம்பி ஏழுமலைக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். தி. நகரிலிருந்து வரும்போது பாலத்துக்கு முன்னால் இருக்கும் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் திறந்தார்களே, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். வீட்டுமனை புரோக்கர் சுந்தரவேலு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். அவன் பெண்சாதி. மேளக்காரர் இரண்டு பேர். போட்டோ எடுக்க வந்தவன், ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே எடுத்தான். இஸ்திரி வண்டி மணி. நம் பிளாக் இரண்டாம் மாடி சாந்தி. அப்புறம் நான். மார்க்கெட்டிலிருந்து வரும்போது மேளச் சத்தம் கேட்டு நின்றோம். யார் எத்தனை துண்டு தர்பூசணி தின்றார்கள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாந்தி நான்கு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவதைப் பேத்தி பிழை திருத்தித் தருகிறாள். எழுத்தைத் திருத்து, பெயர்களைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ தி. நகர் புடவைக் கடையில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினவன். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு நீ அதே பெட்டிக்குள் நின்றாய். வேலை முடிந்து வீட்டோடு வந்த வருஷம் உனக்குச் சர்க்கரை என்றார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். நீ ஓட ஆரம்பித்தாய்.

"நடக்கத்தானடா சொன்னாரு, எதுக்கு ஓடற?"

"முப்பது வருசம் நின்னுக்கினே இருந்தேன்க்கா. இப்ப கால் கேக்க மாட்டேங்குது."

அறுபத்திரண்டு வயதில், கடைக்காரர் கொடுத்த பழைய கால்சட்டையில், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புவாய். கோட்டூர்புரம் பாலம் தாண்டி மயிலாப்பூர், அங்கிருந்து சாந்தோம், திரும்பும்போது தி. நகர், மறுபடி பாலம், வீடு. கோபாலபுரத்தை மட்டும் எட்ட வைத்துச் சுற்றிக்கொண்டு வருவாய். அது ஏன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். இன்றைக்கு மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

கையில் பாட்டில் எடுத்துப் போக மாட்டாய். கனமாம். கடையில் வாங்கவும் மாட்டாய். வெயில் காலத்தில் தண்ணீருக்கு என்னடா செய்வாய் என்றால், "ஊர்ல கொளாயே இல்லியா?" என்பாய். ஓடியது பாதி, குழாய் தேடியது பாதி. வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே எனக்குச் சொல்வாய். நீ கண்டுபிடிப்பாய், நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். நம் இரண்டு பேருக்கும் அந்தக் குழாய்கள்தான் பேச்சு.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்தெருக் குழாயில் முதலில் வருவது டீ போடுகிற சூட்டில் இருக்கும், கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும், விட்டால் எதிர்வீட்டுக் கிழவர் கத்துவார். பஸ் ஸ்டாப் பக்கத்துக் குழாய் அழுத்தினால்தான் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஒரு எவர்சில்வர் பெட்டியில் 'குளிர்ந்த குடிநீர்' என்று பெரிதாக எழுதியிருக்கும், வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போர்டு மட்டும் குளுகுளு என்றாய். இன்னொரு இடத்தில் நல்ல தண்ணீர், ஆனால் தம்ளரைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். சங்கிலி முழம்கூட இல்லை. தொட்டியில் மாடு குனிவது போலக் குனிந்தால்தான் வாய்க்கு எட்டும். தாகத்தோடு போய்விட்டு, தாகத்தோடே வந்தாய்.

உனக்குப் பிடித்தது சாந்தோமில், மீன் விற்கிற அம்மா தன் வாசலில் வைக்கும் நீல டிரம். மூடி போட்டு, மேலே குவளை கவிழ்த்து வைத்திருப்பாள். விடிவதற்கு முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மூன்று வருஷம் குடித்தாய், அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"அதான்க்கா நல்ல தண்ணி. குடுக்கறவங்க நிக்கக் கூடாது. தண்ணி மட்டும் நிக்கணும்."

அதை நீ விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

மற்ற இடங்களுக்காக உன் பாக்கெட்டில் கைக்குட்டை சுற்றிய ஒரு எவர்சில்வர் தம்ளர் இருக்கும். இடுப்பில் பாட்டில் கட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் உன்னைக் கிண்டல் செய்வார்களாம். "இன்னா நைனா, காலங்காத்தாலயே கட்டிங்கா?" "ஆமா மச்சி, கொளாத்தண்ணி கட்டிங். நீயும் ரவுண்டுல சேந்துக்க." குழாயில் நேராகக் கையேந்திக் குடிக்க வேண்டியதுதானே, எதற்குத் தம்ளர் என்று ஒருவன் கேட்டானாம். நீ பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டாய். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

பதிலை நான் சொல்கிறேன்.

உனக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூட லீவு, நல்ல மே மாத வெயில். அம்மா கோபாலபுரத்தில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்கு நம்மையும் கூட்டிப் போனாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து அவ்வளவு தூரம் தாரில் செருப்பில்லாமல் நடந்தோம். பாதி வழியில் நீ என் முதுகில் ஏறிக்கொண்டாய். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்து முடித்து, பன்னிரண்டு தம்ளரைத் திட்டில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். நான் எண்ணினேன். நீ "தண்ணி" என்றாய்.

வீட்டுக்கார அம்மாள் செம்போடு வந்தாள். காய்கறிக்காரியிடம் கத்தரிக்காயில் பூச்சி என்று பேசிக்கொண்டே வந்தாள். மேல்படியில் நின்று, "கைய நீட்டுடா" என்றாள். நீ கீழே நின்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாய். அங்கிருந்து ஊற்றினாள். உன்னைப் பார்க்கக்கூட இல்லை, கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். பாதி விரலிடுக்கில் போயிற்று, மீதி மூக்கில் ஏறிற்று. நீ இருமினாய். "மெதுவா, மெதுவா" என்று சிரித்தாள். நீ இருமல் நிற்காமலே திட்டைக் காட்டிக் கேட்டாய்:

"அது எங்கம்மா தேச்ச தம்ளர்தானே?"

அம்மாதான் எழுந்து வந்து உன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

அந்த அம்மாளைக் கெட்டவள் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளிக்குப் புடவை கொடுத்தாள். நமக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பினாள், நம் வீட்டுச் சட்டியை வரவழைத்து, அதில் ஊற்றி. "மகராசி" என்று சொல்லிக்கொண்டேதான் நம் அம்மா செத்தாள். அதற்காக அம்மாவோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு நீ யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், புரை ஏறியும் கேட்கவில்லை. "ஊமையா இவன்?" என்று அந்தப் பெண் கேட்டாளே! கையேந்தி ஒரு வாய் குடித்ததில்லை. நான் எப்போதாவது கோபத்தில் அந்த அம்மாள் பெயரை எடுத்தால், "அந்தப் பேர சொல்லாதக்கா. கேட்டாலே தொண்ட காஞ்சி பூடுது" என்பாய். உனக்காகச் சொல்லாமல் இருந்தேன். ஐம்பத்தைந்து வருஷம்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். பந்தலைப் பார்த்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னது நான்தான்.

"தம்பி, நாளைக்கு நீ தண்ணிக்காக தி. நகர்ல அந்தப் பார்க்குக்குள்ள பூந்து சுத்திக்கினு வர வேணாம். பாலத்தாண்ட பந்தல் போட்டுட்டாங்க. மூணு பானை."

"தம்ளர்?"

"கீது. சங்கிலி இல்ல."

"எவனாச்சும் நிக்கிறானா?"

"காலைல எவன் நிப்பான்? மூடியத் தூக்கு, மொண்டுக்க, குடி."

"அப்ப சரி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் மார்க்கெட் பையைக்கூடக் கீழே வைக்காமல் மூச்சிறைக்கச் சொன்னேன். நல்ல குழாயை நீதான் எப்போதும் கண்டுபிடிப்பாய். அன்றைக்கு ஒரு நாள் நான் கண்டுபிடித்தேன் என்று எனக்குப் பெருமை. பேனரைப் பார்த்தேன், பானையைப் பார்த்தேன். மறுநாள் அதை யார் நிரப்புவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே? எழுபதை நெருங்குகிறேன், இத்தனை பந்தல் பார்த்திருக்கிறேன், எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மணி சொன்னான். நீ பார்க்குக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறாய். சட்டை பிழிந்தெடுத்தது போல் இருந்ததாம். முதல் பானையின் மூடியைத் தூக்கினாய். இரண்டாவது. மூன்றாவதைச் சாய்த்தே பார்த்தாயாம். முந்தின சாயங்காலமே தீர்ந்துவிட்டது, அதற்கு மேல் ஊற்ற ஆள் வைக்கவில்லை. பேனரில் கைகூப்பிச் சிரிக்கிற சுந்தரவேலுவை நிமிர்ந்து பார்த்து, "வணக்கம் தலைவரே" என்றாயாம். மணி சிரித்துவிட்டான். அதைச் சொல்லும்போது அழுதான்.

"அண்ணே, எங்கையில துணிக்குத் தெளிக்கற தண்ணிதான் கீது. எதிர் வூட்ல கேட்டு ஒரு சொம்பு வாங்கியாரட்டா?"

"வேணாம் மணி. பாலத்துக்கு அந்தாண்ட டீக்கட கொளாய் கீது. தோ, அஞ்சு நிமிசம்."

எதிர் வீட்டில் கேட் திறந்துதான் இருந்தது. அந்த வீட்டுப் பெண் டியூப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் பிறகு அவளைத் தேடிப் போனேன், சண்டை போடத்தான் போனேன். "கேட்டிருந்தா ஃபிரிட்ஜ்லேருந்தே குடுத்திருப்பேனேம்மா, ஏன் கேக்கல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே உட்கார வைத்துத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

நீ பாலத்தின் நடுவில் விழுந்தாய். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது, குடிக்க உதவாத ஆறு. ஆஸ்பத்திரியில் ஷூவையும் தம்ளரையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். தம்ளரைத் துடைக்கப் பார்த்தேன். துடைக்க அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். சுந்தரவேலு மாலையோடு வந்தான். "பெரிம்மா, இன்னா ஒதவி வேணும்னாலும் கேளுங்க" என்றான். "கேக்கற பழக்கம் எங்க வூட்ல இல்லப்பா. நீ அந்தப் பானைய ரொப்பு" என்றேன். இரண்டு நாள் ரொப்பினான். மூன்றாம் நாள் உனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினான். அதில் உன் படம் ஸ்டாம்ப் அளவு, அவன் படம் வாசல் கதவு அளவு. இறந்தது யார் என்று பேத்தியின் சிநேகிதி ஒருத்தி கேட்டாளாம்.

சாந்தி வந்து, "உடு யக்கா, பெருமாளு கூப்ட்டுக்கினாரு" என்றாள். "ஏன், அவருக்கும் தாகமா?" என்றேன். அதோடு அவள் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும், நான்கு துண்டு தர்பூசணி தின்றவள்.

இந்த வெயிலுக்குப் பாலத்தின் நம் பக்கம், வேப்ப மரத்தடியில் ஒரு பானை வைத்திருக்கிறேன். விடியற்காலை குடத்தில் கொண்டுபோய் ஊற்றுகிறேன், மத்தியானம் பேத்தி ஒரு குடம். இதுவரைக்கும் மூன்று தம்ளர் காணாமல் போயிற்று. எடுத்தவன் கை விளங்காமல் போக என்று மூன்று தடவையும் சபித்தேன். "சங்கிலி போட்டுடலாம் ஆயா" என்கிறாள் பேத்தி. போட்டால் உன் கையை ஒடிப்பேன் என்றேன். நான்காவதை வாங்கி வைத்தேன். ஊற்றிவிட்டு நான் அங்கே நிற்பதில்லை. மாடிக்கு வந்து ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். நேற்று உன் வயசுக்காரர் ஒருவர் ஓடி வந்து, நின்று, மொண்டு குடித்து, தம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனார். யார் வைத்தது என்று சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. உனக்குப் பிடித்திருக்கும்.

உன் தம்ளரை மட்டும் வெளியே வைக்கவில்லை. அது என் தலைமாட்டில் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மாடிப்படி ஏறி இறங்க என் முழங்கால் விடுகிற வரைக்கும், பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் அந்தப் பானை காயாது. அதன்மேல் பெயர் இருக்காது, படம் இருக்காது, சங்கிலி இருக்காது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உன்னை முதுகில் சுமந்து கோபாலபுரம் கூட்டிப் போன உன் அக்கா,
தனபாக்கியம்

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. சுந்தரவேலுவை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். அவன் ஏமாற்றியது மூன்று பானைத் தண்ணீர். திறந்த கேட்டுக்கு முன்னால் நின்றும் உன்னைக் கேட்க விடாமல் செய்தவள் வேறு ஒருத்தி. ஏழு வயதில் உன் வாயை அடைத்தாள், அது கடைசிவரைக்கும் திறக்கவில்லை. அவள் செத்து இருபது வருஷம் ஆகிறது, அந்த வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. இனி உனக்குத் தொண்டை காயாது, அதனால் சொல்கிறேன். அம்மா என்று பின்னால் சேர்க்காமல், அவளை யாரும் கூப்பிட்டிருக்காதபடி வெறும் பெயராகவே எழுதுகிறேன்:

ராஜேஸ்வரி.