அக்காவின் கணவு

மஞ்சள் விளக்கு விழுந்தாலே நிறுத்திவிடும் என் வேகக்கார அம்மாவுக்கு,

கடிதத்தை நல்ல செய்தியில் தொடங்க வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்வார். நல்ல செய்தி: உன் வண்டி இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. மற்ற செய்தி: அதன்மேல் சதீஷ் மாமா கை வைத்துவிட்டார். உன் தம்பி என்பதற்காக அவரைப் பற்றி மரியாதையாக எழுத முயன்றேன். முதல் பத்தியிலேயே அந்த மரியாதை தீர்ந்துவிட்டது.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீ செகண்ட் ஹேண்டில் வாங்கி தொம்மலூருக்கு ஓட்டிவந்த அன்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தது நினைவிருக்கிறதா? "மூணு பேர் குடும்பம், ரெண்டு சீட்டு வண்டி. கணக்கு எங்கயோ இடிக்குதே செல்வி" என்றார். "நீங்க பைக்ல பின்னாடியே வாங்க. எஸ்கார்ட் வெச்ச மாதிரி கெத்தா இருக்கும்" என்றாய். அவரும் வந்தார். நாம் இரண்டு பேரும் முன்னால், ஹெல்மெட் போட்ட அப்பா கண்ணாடிக்குள் சின்னதாகப் பின்னால். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போனோம்!

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றுகொண்டு நீ போட்ட திட்டம் எனக்கு மனப்பாடம். "காசு கம்மியா இருந்தா, வண்டி ரோட்டைத் தொடுற எடத்துல இருந்து ஆரம்பிக்கணும் கயல். முதல்ல டயர். அப்புறம் பிரேக். அப்புறம் சஸ்பென்ஷன். மிச்சம் இருந்தா எஞ்சின்." மிச்சம் இல்லாவிட்டால் என்று கேட்டேன். "இல்லன்னா என்ன? நல்லா நிக்கிற வண்டியதான் தைரியமா ஓட்ட முடியும். அதுவே பாதி வேகம்." டயர் மாற்றினாய். உன் போனஸில் பிரேக்குக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தாய். பிறகு அந்தக் காய்ச்சல், அந்த ஆஸ்பத்திரி. நீ திரும்பி வரவில்லை. பிரேக் பழைய பிரேக்காகவே நின்றுவிட்டது.

காரியம் முடிந்த கையோடு சதீஷ் மாமா அப்பாவிடம் வந்தார். "மாமா, வண்டிய என்கிட்ட விடுங்க. அக்காவோட ட்ரீம் அது. ட்ரிப்யூட் பில்டு ஒண்ணு பண்றேன், சக்கத்தா, சூப்பரா இருக்கும்." அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அப்பா தலையாட்டுவார். கூரையைக் கழற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் ஏணி பிடித்திருப்பார். சாவியைக் கொடுத்தார். பிரேக்குக்கு நீ வைத்திருந்த பணத்தையும் கொடுத்தார்.

'ட்ரிப்யூட்' என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். அஞ்சலி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, தோற்ற அரசன் வென்றவனுக்குக் கட்டும் கப்பம் என்றும் போட்டிருந்தது. மாமா இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்.

முதலில் சைலன்சரை மாற்றினார். சத்தத்தை அடக்குவதால்தானே அதற்கு அந்தப் பெயர்? இவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தெரு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும்படி குரைக்கும் ஒரு குழாயை மாட்டுகிறார்கள். அதற்கும் சைலன்சர் என்றுதான் பெயர்! வெட்கமே இல்லாத சொல்லாட்சி. அடுத்து, பின்னால் ஒரு பெரிய இறக்கை. அது காற்றை அழுத்தி வண்டியைத் தரையோடு பிடித்துக்கொள்ளுமாம். அதற்கு வண்டி எந்த வேகத்தில் போக வேண்டும் என்று கேட்டேன். அவுட்டர் ரிங் ரோட்டில் நாம் எந்த வேகத்தில் போவோம் என்று உனக்குத் தெரியும். காற்று அழுத்துவது இருக்கட்டும், அதில் காக்கா உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகலாம்.

மாமாவின் நண்பர்களுக்கு 'பாய்ஸ்' என்று பெயர். எல்லாருக்கும் முப்பது தாண்டியிருக்கும். மாலையானால் வண்டியைச் சுற்றி நின்று, எதையும் தொடாமல், அதைப் பற்றிப் பேசுவார்கள். "மச்சா, அடுத்தது எஞ்சினுக்கு ஸ்டேஜ் டூ ட்யூனிங் போட்டா செமயா பிச்சிக்கும்" என்றார் அதில் ஒருவர். "ஸ்டேஜ் ஒன்ல என்ன பண்ணீங்கண்ணா?" என்று கேட்டேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சைலன்சரைப் பார்த்தார்.

பிரேக்கைப் பற்றியும் கேட்டேன் அம்மா. கேட்காமல் விடுவேனா?

"மாமா, பிரேக் பேடு மாத்திட்டீங்களா? பிரேக் ஆயில் ரொம்பப் பழசுன்னு அம்மா சொன்னாங்க."

"பாப்பா, பிரேக் வெளிய தெரியுமா?"

"சக்கரத்துக்குள்ள இருக்கும்."

"அதான் சொல்றேன். தெரியாத எடத்துல எதுக்குக் காசு போடணும்? தெரியற எடத்துல பெயின்ட் அடிச்சாச்சு பாரு."

குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் இடுக்கு வழியே தெரியும் பிரேக் இரும்புக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். உள்ளே தேய்ந்த பேடு. வெளியே மஞ்சள். மனிதர்களை இப்படிப் பார்த்திருக்கிறேன், வண்டியில் பார்த்தது அதுதான் முதல்முறை.

அதுவரைக்கும் எனக்கு எரிச்சல்தான். பயம் பிறகு வந்தது. உன் பிறந்தநாள் அன்று விடியற்காலையில் நந்தி மலைக்கு 'அக்கா மெமோரியல் டிரைவ்' என்று மாமா அறிவித்தார். அவர் ஓட்டுவார், அப்பா பக்கத்தில் உட்காருவார், பாய்ஸ் பைக்கில் பின்தொடர்ந்து படம் எடுப்பார்கள். ஏறும்போது எஞ்சின், இறங்கும்போது பிரேக் என்று நீதானே சொன்னாய்? அந்த வளைவுகளில் இறங்க இறங்க பிரேக் சூடாகும், பழைய ஆயில் கொதித்தால் பெடல் வெறுமனே உள்ளே போகும் என்றும் நீதானே சொன்னாய்? அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"சதீஷ் பாத்திருப்பான்மா."

"பெயின்ட் அடிச்சிருக்காருப்பா. அவ்வளவுதான்."

அப்பா ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். "நான் அந்த வண்டில சரியா உக்காந்ததே இல்ல கயல். எப்பவும் பின்னாடியேதான் வந்தேன். ஒரே ஒரு தடவை உங்கம்மா போன மாதிரி போயிட்டு வந்துடறேனே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அது வாயில் வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மாமா வெள்ளோட்டம் விட்டார். அப்பாவை ஏற்றிக்கொண்டு நம் தெருவையே ஒரு சுற்று. நான் கேட் அருகே நின்றேன். கோயில் முனையிலிருந்து சத்தம் முதலில் வந்தது, வண்டி பிறகு வந்தது. எதிரே ஓர் ஆட்டோ சந்திலிருந்து மெதுவாகப் பின்வாங்கியது. மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி அதைப் பற்றி யோசித்தது. யோசித்துக்கொண்டே ஆட்டோவுக்கு ஒதுங்கி, நம் கேட்டைத் தாண்டி, மஞ்சண்ணாவின் இளநீர்க் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. இளநீர்கள் மட்டும் தெரு முழுக்க உருண்டன.

மஞ்சண்ணா வெட்டரிவாளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் குனிந்தார். "யாக் குரு, நில்ஸக்கே பரல்வா?"

நிறுத்த வராதா என்று கேட்டார். அவ்வளவுதான்.

"ரோடு ஸ்லிப்பாயிடுச்சுண்ணா" என்றார் மாமா. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தூசிதான் பறந்துகொண்டிருந்தது.

அப்பா இறங்கினார். இளநீர்களைப் பொறுக்கத் தொடங்கினார். வண்டிக்குப் பின்னால் உருண்டதை எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அன்று காலைதான் மாமா பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். உன் படம், இரண்டு பக்கமும் தீப்பிழம்பு, கீழே தங்க நிறத்தில் கொட்டை எழுத்து. உனக்கு ஆம்பூரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பெங்களூரில் பிறந்த உன் தம்பிக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். ஸ்டிக்கரில் இருந்த எழுத்து, அவர் போனில் ஆங்கிலத்தில் தட்டிக் கிடைத்தது.

"சதீஷு, என்னடா இது?"

"அக்காவின் கனவு மாமா. சர்ப்ரைஸ்."

"கணவுன்னு போட்டிருக்கு."

"அதான், கனவு."

"கனவு இல்லடா. மூணு சுழி ண போட்டிருக்க. கணவு. அக்காவின் கணவர்னு எழுத வந்து பாதியில விட்ட மாதிரி இருக்கு." கையில் இளநீரோடு அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அது நான்டா!"

அப்பா சிரித்தார், அம்மா. நீ போன பிறகு முதல்முறை. குவியல்மேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய்ஸும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சண்ணா ஒன்றை வெட்டி அவர் கையில் கொடுத்தார். அப்பா குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "நாளைக்கு அந்த மலையிலயும் என்னை பாதியில விட்டிருப்படா நீ" என்றார். பிறகு கையை நீட்டினார். "சாவி."

மாமா கொடுத்தார். அவர் வாதாடாமல் செய்த முதல் காரியம் அது.

இப்போதைய செய்தி சொல்கிறேன். இறக்கையையும் குரைக்கும் குழாயையும் பாய்ஸில் ஒருவர் வாங்கிக்கொண்டார். இரண்டையும் தன் குடும்ப வண்டியில் மாட்டிக்கொண்டு மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். முட்டாள்களுக்கு இந்த ஊரில் குறையில்லை என்பதால்தான் நமக்குப் பிரேக் கிடைத்தது. பேடு, டிஸ்க், ஆயில், ஆயில் போகும் குழாய் எல்லாம் புதிது. அப்பா உன் இடத்தில் உட்கார்ந்து, காலி சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். ஓங்கி மிதித்தார். என் மடியில் இருந்த நூலகப் புத்தகம் பறந்து டாஷ்போர்டில் மோதியது. "நின்னுடுச்சு கயல்" என்றார், யாரோ பரீட்சையில் பாஸானதைச் சொல்வதுபோல.

சீட்டுக் கணக்கு இப்போது இடிக்கவில்லை அம்மா. அப்பா அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவதாக மாமா வந்தார். வேண்டாம் என்றேன். "மூணு சுழி இருக்கற எடத்துல ரெண்டு சுழி வரணும் மாமா. ஒண்ண எடுத்தாப் போதும்." உன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து எழுத்தைச் சூடாக்கச் சொன்னேன். நான் பிளேடால் நடுச்சுழியை வெட்டினேன்.

"ஒரு சுழிக்கு இவ்ளோ வித்தியாசமா பாப்பா?" என்று கேட்டார். அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. டிரையரை ஆடாமல் பிடித்தார், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சம் இருந்த இரண்டையும் நெருக்கி ஒட்டினேன். நடுவில் பசைக்கோடு ஒன்று தெரிகிறது, கிட்டப் போனால் மட்டும். வெட்டியெடுத்த சுழி என் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. அதை ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி.

பதினெட்டு ஆனதும் லைசென்ஸ் எடுப்பேன். அதற்குள் சஸ்பென்ஷன் முடிந்திருக்கும். எஞ்சினைக் கடைசியில்தான் தொடுவேன், தொடாமலும் விடலாம். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நந்தி மலையில் ஏறுவேன். ஏறுவது எல்லாருக்கும் வரும். அவரைக் கீழே இறக்கி, வீட்டுக் கேட்டுக்கு நேராக நிறுத்துவேன். இது என் வாக்கு.

அதுவரை இடப்பக்க சீட்டிலேயே இருக்கும்,
உன் மகள் கயல்விழி