மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை

நவம்பர் 6, 2006, திங்கள்

காலையிலிருந்து தூறல். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி. ஸ்கேன் ஆயிற்று. இடது மார்புக் கட்டியில் ஊசியைக் குத்தி எதையோ உறிஞ்சி எடுத்தார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றாள் நர்ஸ். என்ன எறும்போ! ரிசல்ட் சனிக்கிழமை.

டாக்டரம்மா சொன்னது, மறப்பதற்குள்: "பயப்படற மாதிரி இல்லம்மா. ஆனா அப்படியே விடற மாதிரியும் இல்ல." இதற்கு என்ன அர்த்தம்? பஸ்ஸில் எங்கள் ஸ்டாப் வீரபாண்டி வரும்வரை இதே யோசனை. ஒரு பக்கம் பார்த்தால் நல்லது. இன்னொரு பக்கம் பார்த்தால் கெட்டது.

இவரும் வந்தார். வெளியே பெஞ்சில் பேப்பர். நான் உள்ளே போகும்போது எந்தப் பக்கமோ, வெளியே வரும்போதும் அதே பக்கம். வீட்டுக்கு வந்ததும் "டீ வெக்கறியா?" அவ்வளவுதான் பேச்சு.

நவ. 7, செவ்வாய்

செக்கிங் டேபிளில் குழந்தை டி-ஷர்ட், மஞ்சள். எதைப் பார்த்தேன், எதைத் தள்ளினேன், ஒன்றும் நினைவில்லை.

பக்கத்து டேபிள் ஜெயமேரிக்கு மட்டும் விஷயம் தெரியும். தூத்துக்குடிக்காரி. "எக்கா, ஒண்ணும் இருக்காது. ஜெபத்துல உங்க பேரைச் சொல்லிருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "எங்க சித்திக்கும் இப்படித்தான் சின்னதா இருந்துச்சு..." அப்புறம் சித்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தைரியம் இல்லை. அவளும் சொல்லவில்லை. பாவி.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. கவி டியூஷன் ஃபீஸ். கவியிடம் சொல்வதா வேண்டாமா (பரீட்சை முடியட்டும்). குளிக்கும்போது தொட்டுப் பார்க்காமல் இருக்க. இன்றைக்கு முடியவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்தேன். வழக்கமாக இவர், "உன்ற கல்லு என்ன சொல்லுச்சு?" என்று கேலி பண்ணுவார். ஞாயிறானால் கறுப்புச் சட்டை, கூட்டம். கல்யாணம் ஆனதிலிருந்து ஹாலில் அவருடைய தலைவர் படம், சமையலறையில் என் சாமிகள். ஒரே வீட்டில் இரண்டு கட்சி. இன்று கேலி இல்லை. அதுதான் இன்னும் பயம்.

நவ. 8, புதன்

நல்ல மழை. இருட்டின பிறகு வந்தார், தொப்பலாக நனைந்து. கட்டிங் மாஸ்டருக்கு இவ்வளவு நேரம் என்ன வேலை? "ஷிப்மென்ட் அவசரம் புள்ள."

சாப்பிடும்போது திடீரென்று: "சாந்தி, உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியும்."

"எப்படீங்க தெரியும்?"

"தெரியும்னா தெரியும். ரசத்தை ஊத்து."

டாக்டருக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் இன்றைக்குத்தான் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது.

நவ. 9, வியாழன்

கொஞ்சம் வெயில். துணி ஊற வைக்குமுன் அவருடைய நேற்றைய சட்டைப் பாக்கெட்டில் கை விட்டேன். வெள்ளகோவில் பஸ் டிக்கெட். நனைந்துபோன சின்னக் காகிதப் பொட்டலம் நாலு. பிரித்தால் அரளிப் பூ. மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை.

என் அம்மா ஊர் அம்மன் கோவிலில் பூ கேட்டிருக்கிறார்! இவர்!

ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். மனசில் இருப்பதைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் நல்லது. சிவப்பு என்றால் ஆகாது. பார்த்த பூவை அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். அதுகூடத் தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது இந்த மனுஷன். கவிக்குக் காது குத்தியபோதுகூட வெளியே வேப்பமரத்தடியில் நின்றவர். சிரிப்பு வந்தது. துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷத்தில் இவர்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

அப்புறம்தான் உறைத்தது. ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம்தான் எடுப்பார்கள். நாலு தடவை கேட்டிருக்கிறார். முதலிலேயே வெள்ளை வந்திருந்தால் மறுபடி எதற்குக் கேட்கப் போகிறார்? மூன்று தடவை ஆகாது என்று சொல்லியிருக்கிறாள். இவர் விடவில்லை.

நவ. 10, வெள்ளி

வேலை ஓடவில்லை. எங்கள் ஊரில் முதலில் வந்த பூதான் செல்லும். ஆனால் கேட்டவர் நம்பாதவர். நம்பாதவர் கேட்டால் அது கணக்கில் வருமா? அம்மன் கோபத்தில் சிவப்பைக் கொடுத்தாளா? கோபம் அவர்மேலா, என்மேலா? கடைசியில் வெள்ளை கொடுத்தது மனசு இரங்கியா, இல்லை இந்த ஆள் கிளம்பினால் போதும் என்றா?

ஜெயமேரியிடம் சொன்னேன். "எங்க வேதத்துல பூ எடுக்கறதெல்லாம் கெடையாதுக்கா. கேட்டுட்டு சும்மா இருக்கணும்." சும்மா இருப்பது எப்படி என்று சொல்லித் தரவில்லை.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மூன்று சிவப்பையும் சொல்லிவிடுவார். பொய் சொல்லத் தெரியாது.

விளக்கு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.

"ஏம்மா, வெளக்கு வெக்கலயா?" என்றாள் கவி.

"திரி தீந்துபோச்சு கண்ணு."

நவ. 11, சனி

மூட்டம். தலைவலி. ஆட்டோ சொல்லியாயிற்று. எடுத்துக்கொள்ள: ஸ்கேன் கவர், குடை, தண்ணீர் பாட்டில்.

புடவை மாற்றிவிட்டு வந்தால், சமையலறையில் என் சாமிகள் முன்னால் இவர். கிளம்பப் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். விபூதித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"வெச்சுக்க சாந்தி."

கை வரவில்லை. இன்றைக்கு ஒரு நாளைக்காவது இவர் கட்சி ஜெயிக்க வேண்டும். அங்கே யாரும் இல்லை, வெறும் கல். சிவப்பும் வெள்ளையும் வெறும் பூ. அதை இவர் வாயால் கேட்டுவிட்டால் தைரியமாகப் போய்விடுவேன்.

"ஏனுங்க, சாமி இல்லைன்னு ஒருக்கா சொல்லுங்க."

தட்டை இன்னும் கிட்டே நீட்டினார்.

"சொல்லுங்க. எப்பவும் சொல்லுவீங்கல்ல?"

ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கிறது. இன்னும் தட்டோடு அங்கேயே நிற்கிறார். சொல்லமாட்டேன் என்கிறார்.