மூன்று நாள் டீ

காலையில் என் மருமகள் கண்ணாடி பாட்டிலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, இரண்டு கரண்டி டீ இலையைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். "கொதிக்க வைக்கவே வேண்டாம்மா. சாயங்காலம் பாருங்கோ, ஐஸ் டீ" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாள். சிரிப்பு வந்தது. கூடவே உன் ஞாபகமும் வந்தது. நீ காலமான செய்தியைப் பேப்பரில் உன் படத்தோடு பார்த்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அறுபதுகளில் பம்பாயில், சயானில் நாம் இருந்த கட்டடத்தில் எங்கள் பின்பக்க பால்கனியும் உன்னுடையதும் கை நீட்டினால் எட்டும் தூரம். நடுவில் இரும்புக் கம்பி. எங்கள் இரண்டு அறையில் மாமியார், மைத்துனர்கள் இருவர், அவர், நான். கல்யாணமாகி வந்து ஒரு வருஷத்தில் நான் தனியாக ஒரு தடவைகூடப் படியிறங்கியதில்லை. விடிந்தால் சமையலறை, பொழுது போனால் சமையலறை. மாதத்தில் மூன்று நாள் மட்டும் அடுப்பைத் தொடக்கூடாது. தட்டு, டம்ளர், பாயோடு அந்த பால்கனியில் ஒதுங்க வேண்டும். ஜெயிலுக்குள் இன்னொரு ஜெயில். ஆனால் அங்கேதான் நீ இருந்தாய். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ், என் வயதுதான்.

முதல் தடவை நீ கம்பி வழியாக கிளாஸை நீட்டியபோது தயங்கினேன். எங்களவர்கள் உன் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். நீ விடவில்லை.

"ஏளா, நீயே இப்ப தீட்டு. அதுக்கு மேல என்ன ஒட்டப்போவுது? குடி."

வாங்கிக் குடித்தேன். காலை ஷிஃப்டுக்குப் போகுமுன் ஜாடித் தண்ணீரில் டீ இலையைப் போட்டு, ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டுப் போவாய். திரும்பும்போது மரத்தூள் ஒட்டிய ஐஸ் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து வருவாய். கழுவி உடைத்துப் போட்டு, எலுமிச்சை, சர்க்கரை. கொதிக்காத டீயில் கசப்பும் இல்லை, வாசனையும் இல்லை. காபியைத் தவிர எதுவும் நுழையாத வீட்டில், மாமியாரின் மூக்குக்கு அது எட்டவே இல்லை.

குடிக்கக் குடிக்கக் கேள்வி கேட்பாய். என்ன படித்தாய், என்ன பிடிக்கும், எங்கே போக ஆசை. அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் வேலை சொன்னார்கள். கேட்டவள் நீ ஒருத்திதான்.

பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோனேன். பிள்ளையுண்டானால் பத்து மாதம் ஒதுங்க முடியாது, உன்னைப் பார்க்க முடியாது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் பொய்யாக ஒதுங்கினேன். என்னைப்போல ஒரு பைத்தியம் இருக்குமா? இரண்டாம் தடவை, பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலை நான் கடித்துத் தின்றதை நீ பார்த்துவிட்டாய்.

"ஏளா, நீ நெசமாவேதான் ஒதுங்கியிருக்கியா?"

அழுதுவிட்டேன். "சொல்லிட்டா உன்னைப் பாக்க முடியாதே."

"வயித்துப் பிள்ளையோட வெறுந்தரையில படுக்காத. உள்ள போனதும் சொல்லிரு. நீ வர முடியலன்னா என்ன, நான் வாசல்ல வந்து கூப்பிடுதேன்."

ஏதோ கணக்குத் தவறிவிட்டதாகச் சமாளித்து மாமியாரிடம் சொன்னேன். பாயசம் வைத்தார்கள். கர்ப்பிணிக்குக் காற்று ஆகாது என்று பால்கனிக் கதவைத் தாழிட்டார்கள்.

நீ சொன்னபடியே வந்தாய். யூனிஃபாரம்கூட மாற்றாமல், கையில் டீயோடு வாசலில் நின்றாய். ஐஸ் பாதி கரைந்திருந்தது. மாமியார் எனக்குப் பின்னால் வந்து, "யாருடி இவ? உனக்குப் பழக்கமா?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய்.

"தெரியாதும்மா. பக்கத்துல குடியிருக்கா போலிருக்கு" என்றேன். உன்னிடம், "எங்காத்துல டீ சாப்பிடற வழக்கமில்லே" என்றேன்.

"சரி" என்றாய். நான் கதவைச் சாத்தினேன். அடுத்த மாதம் உன் வீடு காலியாயிற்று. மன்னிப்புக் கேட்க உன் விலாசம்கூட என்னிடம் இல்லை.

அந்த வீட்டில் என்னை அடைத்து வைத்திருந்தார்கள் என்று என் பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் அன்று உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது மாமியார் இல்லை, நான்தான். அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.