உன் அம்மாவின் தொட்டி மண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இங்கே நலம் என்று வழக்கம்போல் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை அம்மா. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அவள் காதில் விழும்படி இதை எப்படிச் சொல்வேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

மொட்டைமாடித் தோட்டம் உனக்குத் தெரிந்ததுதான். காய்த்து ஓய்ந்த தொட்டி மண்ணை அவள் ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை, தார்ப்பாயில் கொட்டி, வெயிலில் காயவைத்து, பழைய வேரையெல்லாம் பொறுக்கிச் சலித்து, மக்கிய உரம் கலந்து அடுத்த காய்க்குத் தயார் செய்துவிடுவாள். இந்த முறையும் அப்படியே செய்து கத்தரி விதை போட்டாள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அத்தனை தொட்டியையும் கவிழ்த்துவிட்டு மறுபடி சலித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் இப்படி என்று கேட்டால், போன வருஷத்து மண்ணு அப்படியே கெடக்குது, நான் பார்க்கலேன்னா இந்த வீட்டுல யாரு பார்ப்பா என்று எனக்கே திட்டு. அன்றிலிருந்து இதே கதைதான், விதைக்கிறாள், மறக்கிறாள், கொட்டுகிறாள். விதை போட்டாச்சு என்று அவள் கையாலேயே ஒரு அட்டையில் எழுதவைத்துத் தொட்டியில் செருகினேன். மறுநாள் அதைப் படித்துவிட்டு, என் கையெழுத்து மாதிரியே எவனோ எழுதி வச்சிருக்கான், வேலைவெட்டி இல்லாதவன் என்று பிடுங்கி எறிந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டரிடம் காட்டிவிட்டேன். மறதி நோய்தான், மாத்திரை கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கி வைத்துத் தெருவில் கவிழ்த்தாள், கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் முழுக்க மண். மண் போனால் போகிறது, அவள் பாதி உடம்பு சுவருக்கு வெளியே இருந்தது பாப்பா. அதற்கப்புறம் மாடிக் கதவைப் பூட்டினேன். மழை வரப்போவுது, காயப்போட்ட மண்ணெல்லாம் நனைஞ்சிடும், தொறங்க என்று தட்டித் தட்டி அழுகிறாள். பூட்டினால் அவள் அழுகை தாங்க முடியவில்லை, திறந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. என்ன செய்வது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

நேற்று மனசு கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு நானும் கூடவே உட்கார்ந்து சல்லடையைப் பிடித்தேன். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், நல்லாத்தான் சலிக்கிறீங்க, நாளைக்கும் வேலைக்கு வந்துடுங்க, எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வராது என்றாள். வரேம்மா என்று சொல்லிவிட்டுச் சலித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, இவ்வளவு நேரமா எங்க போயிருந்தீங்க என்று கோபித்துக்கொண்டாள்.

உன் பெயரை மட்டும் இன்னும் ஒருமுறைகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை. உனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இத்தனை வருஷத்தில் வா என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன், என்னால் தனியாக முடியவில்லை.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசி, நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருங்கள். போனில் அம்மா கத்தரி விதை போட்டேன் என்று சொன்னால், போன வாரமும் இதைத்தானே சொன்னே என்று கேட்டுவிடாதே, நல்லா முளைக்கும்மா என்று மட்டும் சொல். சீக்கிரம் கிளம்பு பாப்பா. வாசலில் வந்து நிற்கும் உன்னைப் பார்த்து, யாரும்மா நீ, யாரு வேணும் என்று அவள் கேட்பதற்கு முன்னால் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா