மோதி பாக்கில் எறிந்த கல்

துவாரகா, புது தில்லி
வியாழக்கிழமை

சௌபாக்யவதி மாதங்கிக்கு அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால்கூட இந்த வாரம் படுத்தவில்லை, ஆக்லாந்தில் நீங்கள் மூவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிவியில் ஒரு வீட்டின்மேல் குண்டு விழுவதைப் பார்த்து குழந்தை ப்ரணவ் கை தட்டினான் என்று போனில் அழுதாயே, அவனைத் திட்டாதே, அந்த வீட்டில் யார் இருந்திருப்பார்கள் என்று மட்டும் கேள். எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் யுத்தத்தில் எனக்குப் பதினாலு வயது. உண்மையைச் சொன்னால் அந்தப் பதின்மூன்று நாள் போல நான் குஷியாக இருந்ததே கிடையாது. மோதி பாக் குவார்ட்டர்ஸ் பூங்காவில் பதுங்குகுழி வெட்டினோம், எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம், இருட்டியதும் எந்த வீட்டில் வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பதுதான் பையன்களுக்கு வேலை. ஒருநாள் ராஜகோபாலன் மாமா வீட்டில் ஒரு கீற்று தெரிந்தது. மாமி கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒற்றன் என்று கத்தி நான் விட்ட கல்லில் கண்ணாடி நொறுங்கியது, ஓடிவிட்டோம்.

இதைத்தான் எங்கள் ஹவுசிங் சொசைட்டி ஆண்டு மலருக்கு எழுதினேன். பையன்கள் கல் எறிந்தார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்த அம்மா, ஏன்னா, அந்தப் பையன்களுக்குப் பேர் கிடையாதா என்றாள். நடந்ததை நடந்தபடி எழுது என்று முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னவன், என் முறை வந்ததும் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன் பார். பையன்கள் என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். மாமா இப்போது எங்கள் சொசைட்டியிலேயே மகள் வசுமதியோடு இருக்கிறார், அந்தக் கைக்குழந்தைதான் அவள். அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் படித்துக்காட்டினேன். அடப்பாவி, நீயா, மாடி சோப்ரான்னுன்னா நெனச்சிண்டிருந்தேன் என்றார். கல் விழுந்ததற்கு முதல்நாள்தான் சோப்ரா, பத்தி புஜாவோ, விளக்கை அணை என்று மேலேயிருந்து கத்தினாராம். ஒரு வார்த்தை கேட்காமலே, பதினெட்டு வருஷம் அதே படிக்கட்டில் ஏறி இறங்கி மாமா அவரோடு பேசவே இல்லையாம். சோப்ரா காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. என் பால்ல கண்ணாடித் தூள் போட்டது நீங்கதானா அண்ணா என்று வசுமதி சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. நான் பேசாம இருந்ததையும் சேத்து எழுது, ஜல்தி, நான் இருக்கறச்சயே என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சோப்ராவின் மகனைப் பார்க்க நானும் மாமாவும் ஜனக்புரி போகிறோம். என்ன சொல்வது என்று மாமா இப்போதே ஹிந்தியில் ஒத்திகை பார்க்கிறார். முதலில் நான்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மூவரும் நன்றாக இருங்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ரத்தப் பரிசோதனையை இந்த மாதமும் தள்ளிப்போடாதே.

அன்புள்ள அப்பா,
சுந்தரேஷ்